உள்ளே வைத்த பொருளை உடம்பு ஏன் ஒதுக்குகிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விரலில் ஏறிய இரும்புப் பிசிறை எடுக்காமல் விட்டால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், நாளடைவில் கெட்டியாகிவிடும். வெளியே தள்ள முடியாத பொருளைச் சுற்றி உடம்பு சுவர் எழுப்பிவிடுகிறது.

டாக்டர் வைக்கும் பொருளானாலும் உடம்புக்கு அது அந்நியன்தான். வைத்த சில நொடிகளிலேயே ரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பின்னாலேயே வெள்ளணுக்கள் வந்து அதை விழுங்கப் பார்க்கும். முடியாதபோது, சில வாரங்களில் அதைச் சுற்றி நார் போன்ற ஓர் உறை வளர்ந்துவிடும்.

எலும்பில் வைக்கும் பிளேட்டுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால், தோலுக்கு அடியில் இருந்து சர்க்கரை அளவைச் சொல்லும் சென்சாரைச் சுற்றி உறை தடித்தால், சர்க்கரை அதனிடம் சரியாக வந்து சேராது. அளவு தப்பிவிடும்.

ரத்த ஓட்டத்தில் வைக்கும் பொருளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. ஒட்டிய புரதத்தின்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா இதய வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மாதிரிகள் தோற்று, 4-வது மாதிரிதான் ஜெயித்தது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதுவரை 1 லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. ஆனாலும் வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது.

புரதமே ஒட்டாத ஒரு பொருள் கிடைத்தால்?

அதற்கான பதில்களில் ஒன்றுதான் ஹைட்ரோஜெல். தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் மென்மையான பொருள் இது. நம்மில் பலர் தினமும் போடும் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் ஹைட்ரோஜெல்தான். ஆனால் அதிலும் கண்ணீரின் புரதம் படியத்தான் செய்கிறது. லென்ஸைத் தேய்த்துக் கழுவச் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஷாவோயி ஜியாங் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். பிளஸ், மைனஸ் மின்னேற்றம் இரண்டும் சமமாக உள்ள மூலக்கூறுகளால் ஹைட்ரோஜெல் செய்தார்கள். அது தண்ணீரை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் புரதத்துக்கு ஒட்ட இடமே கிடைப்பதில்லை. அதை எலிகளின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது, 3 மாதம் வரை உறை உருவாவதைத் தடுத்தது. 2013-ல் இந்த முடிவு வெளியானது.

எலிக்கு 3 மாதம் சரி. மனிதருக்கு வைக்கும் பொருள் பல வருடம் தாங்க வேண்டும். அந்தத் தூரத்தை இனிதான் கடக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது கவனம்தான். செயற்கை வால்வு வைத்தவர்கள், 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை சென்சார் காட்டும் எண்ணுக்கும் உங்கள் உடம்பு சொல்வதற்கும் பொருந்தவில்லையா? விரலில் குத்தி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.