முதலில் ஒத்திகை!

"பலகையை எடு" என்றால் பையன் பலகையை எடுத்து வருவான். அதையே "பல கையை எடு" என்று பிரித்து எழுதிக் கொடுத்தால் விழிப்பான். "என்ன இது?" என்று கேட்பான்.

கம்ப்யூட்டர் கேட்காது. எழுதியபடியே செய்து முடித்து விடும்!

2011-ம் ஆண்டில் அப்படித்தான் நடந்தது. "பம்பிள்பீ" என்று ஓர் இலவச சாப்ட்வேர். லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கானது. அதைப் பொருத்தும் கட்டளைகளில், "யு.எஸ்.ஆர்." என்ற பெரிய அறைக்குள் ஆழத்தில் கிடக்கும் ஒரு சிறு பொருளை மட்டும் அழிக்க ஒரு வரி இருந்தது. எழுதும்போது அறையின் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்து விட்டது. அவ்வளவுதான். "அறையையே அழி" என்று அர்த்தம் மாறிப் போயிற்று. கம்ப்யூட்டரின் புரோகிராம்களில் பெரும் பகுதி அந்த அறையில்தான் இருக்கும். நம்பிப் பொருத்தியவர்கள் தலையில் கை வைத்தார்கள்.

சாப்ட்வேர் தயாரிக்கிறவர்கள் எல்லா வேலையையும் கையால் செய்வதில்லை. தனித்தனியாக எழுதியதைச் சேர்ப்பது, சோதிப்பது, மூட்டை கட்டுவது, பழையதை அகற்றிப் புதியதை வைப்பது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்து விடுகிறார்கள். அதற்கு "ஸ்கிரிப்ட்" என்று பெயர். நடு இரவில், ஆள் இல்லாதபோதும் வேலை நடக்கும். வசதிதான். ஆனால் அதில் செய்த தவறும் ஆள் இல்லாதபோதுதான் வேலை செய்யும்!

"பயங்கரம்!"

2015 ஜனவரியில் இன்னொரு விபத்து வெளியே வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் "ஸ்டீம்" என்ற சாப்ட்வேர். அதன் லினக்ஸ் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். சில சமயம், அந்த இடத்தில் உள்ளதை எல்லாம் அழிக்கும்.

ஒருவர் ஸ்டீமை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார். இடத்தின் பெயர் கிடைக்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மிஞ்சியது ஒரு சாய்கோடு. லினக்சில் தனிச் சாய்கோடு என்றால் கம்ப்யூட்டர் முழுவதும்! அவருடைய கோப்புகள் அழிந்தன. பத்திரத்துக்காக வெளி டிஸ்கில் எடுத்து வைத்திருந்த நகலும் போயிற்று. டிஸ்க் அப்போது இணைந்திருந்தது, பாவம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரிக்கு மேலேயே "பயங்கரம்!" என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. பயம் இருந்தது, சோதனை இல்லை. பெயர் காலியானால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "காலியானால் நில்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தப்பியிருக்கும். நிறுவனம் பிறகுதான் திருத்தியது.

வழி இல்லையா?

உண்டு. பழைய வழியே உண்டு. 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் என்பவர் "மேக்" என்ற கருவியை எழுதினார். சாப்ட்வேரைக் கட்டித் தரும் கருவி அது. "செய்யாதே, செய்யப் போவதை மட்டும் எழுதிக் காட்டு" என்று அதனிடம் சொல்லலாம். காட்டும். ஆனால் உள்ளே வேறொரு ஸ்கிரிப்டைக் கூப்பிட்டிருந்தால், அதன் வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. ஆகவே படித்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஓட்டியும் பார்க்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது? கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஒன்றை உண்டாக்கலாம். அங்கே ஓட்டலாம். கெட்டால் தூக்கி எறியலாம். காலிப் பெயர், இடைவெளி உள்ள பெயர், இடம் மாறிய கோப்பு என்று வேண்டுமென்றே தொந்தரவு கொடுத்துப் பார்க்கலாம். வெளியீட்டுக்கான உண்மையான சாவிச் சொற்களை மட்டும் அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாது.

இதற்கு அரை நாள் ஆகலாம். "ஒரு வரிதானே, போடு!" என்று அவசரப்படுத்தும் மேலாளர்கள் அந்த அரை நாளைக் கொடுக்க வேண்டும். பம்பிள்பீயைக் கவிழ்த்தது ஒரு வரி கூட அல்ல.