லைஃப்லைனை மிச்சம் வெச்சு யாருக்குக் கொடுக்கப் போறீங்க?



டிவி குவிஸ் ஷோவுல அடிக்கடி வர்ற காட்சி இது. போட்டியாளர் ஒன்பதாவது கேள்வியில இருக்கார். விடை பி-யா, சி-யான்னு தெரியலை. கையில இரண்டு லைஃப்லைன் இருக்கு. "பின்னாடி இதைவிடக் கஷ்டமான கேள்வி வரும், அப்போ வேணும்"னு சொல்லிட்டு, குத்துமதிப்பா ஒண்ணை லாக் பண்றார். தப்பு. இரண்டு லைஃப்லைனையும் அப்படியே வெச்சுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பறார்.

நாம சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, "அடப்பாவி, ஆடியன்ஸ்கிட்ட கேட்டிருக்கலாமே!"ன்னு கத்தறோம். ஆனா நம்ம சம்பளப் பணத்துல நாமளும் பல நேரம் இதையேதான் செய்யறோம். நான் செஞ்சிருக்கேன், அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன்.

என் கருத்து இதுதான்: லைஃப்லைன் சேமிப்பு இல்லை, இன்ஷூரன்ஸ். ஆட்டம் முடிஞ்ச அந்த நொடியில அதோட மதிப்பு பூஜ்யம்.

முதல்ல ஏணியைப் பாருங்க

2000-ல் அமிதாப் பச்சன் நடத்த ஆரம்பிச்ச 'கௌன் பனேகா க்ரோர்பதி'யோட முதல் சீசனை எடுத்துப்போம். 2012-ல் சூர்யா நடத்தின 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யும் இதே குடும்பம்தான். மொத்தம் 15 கேள்வி. ஐந்தாவதைத் தாண்டினா 10,000 ரூபாய் உறுதி. பத்தாவதைத் தாண்டினா 3.2 லட்சம் உறுதி. பதினைந்தாவது ஒரு கோடி. லைஃப்லைன் மூணு: ஆடியன்ஸ் போல், ஃபிஃப்டி ஃபிஃப்டி, ஃபோன் எ ஃப்ரெண்ட்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. நீங்க 1.6 லட்சத்துல இருக்கீங்க, பத்தாவது கேள்வி வருது. சரியா சொன்னா 3.2 லட்சம். தப்பா சொன்னா 10,000. அதாவது கிடைக்கப்போறது 1.6 லட்சம், போகப்போறது 1.5 லட்சம். உங்க விடை சரியா இருக்க 48 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருந்தாதான் ஆடறது லாபம்.

அடுத்து பதினொண்ணாவது. சரின்னா 6.4 லட்சம். தப்புன்னா? அதே 3.2 லட்சம்தான். ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதனால இந்தக் கேள்வியில பயந்து விலகறது மட்டும் கூடவே கூடாது.

இதுலேருந்து என்ன புரியுது? ஏணியிலேயே முக்கியமான படி பத்தாவதுதான். அந்தப் படியை மிதிக்கிற வரைக்கும் தேவைப்பட்டா மூணு லைஃப்லைனையும் செலவு பண்ணலாம். ஒரே கேள்விக்கு இரண்டு போனாலும் அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

எதை எப்போ செலவு பண்ணணும்?

முதல்ல ஆடியன்ஸ் போல். இது சீக்கிரம் கெட்டுப்போற பொருள், தக்காளி மாதிரி. சினிமா, கிரிக்கெட், சாப்பாடு, பாடப் புத்தகத்துல வர்ற பொது அறிவு, இதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியும். பதிமூணாவது கேள்வியில ஏதோ ஒரு பழைய ஒப்பந்தத்தோட வருஷத்தைக் கேட்டா, கூட்டமும் உங்களை மாதிரிதான் முழிக்கும்.

ஜேம்ஸ் சுரோவிக்கி 2004-ல் எழுதின 'தி விஸ்டம் ஆஃப் க்ரௌட்ஸ்' புத்தகத்துல, இந்த ஷோவோட அமெரிக்கப் பதிப்பைப் பத்தி ஒரு கணக்கு வரும். ஆடியன்ஸ் 91 சதவீதம் சரி, ஃபோன்ல வந்த நண்பர் சுமார் 65 சதவீதம் சரி. இதைப் பார்த்துட்டு 'கூட்டம்தான் எப்பவும் கில்லாடி'ன்னு முடிவு கட்டிடாதீங்க. ஆடியன்ஸைப் பெரும்பாலும் சுலபமான கேள்விக்குத்தான் கூப்பிடறாங்க, நண்பரைக் கஷ்டமான கேள்விக்குக் கூப்பிடறாங்க. சுலபமான பேப்பர் எழுதினவன் மார்க்கையும் கஷ்டமான பேப்பர் எழுதினவன் மார்க்கையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கக் கூடாது.

அடுத்து ஃபிஃப்டி ஃபிஃப்டி. எதுவுமே தெரியாதப்போதான் இதை எடுக்கணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. கணக்கு அப்படிச் சொல்லலை. கம்ப்யூட்டர் இரண்டு தப்பான விடைகளைக் குலுக்கல் மாதிரி எடுக்குதுன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னா, 25 சதவீத வாய்ப்பு 50 ஆகும். ஒரு விடையை நீங்களே தள்ளிட்டீங்கன்னா, 33 சதவீதம் 67 ஆகும். இரண்டைத் தள்ளிட்டு மிச்ச இரண்டுல குழம்பறீங்கன்னா, 50 சதவீதம் 83 ஆகும். ஏன்னா மூணு தப்பான விடையில ஒண்ணுதான் திரையில மிஞ்சும். உங்களைக் குழப்பற அந்த ஒண்ணே மிஞ்சறதுக்கு மூணுல ஒரு பங்குதான் வாய்ப்பு. மீதி நேரம் விடை தானா தெரிஞ்சுடும்.

அந்த 83-ஐ ஏணிக் கணக்கோட ஒட்டிப் பாருங்க. பத்தாவது கேள்விக்குத் தேவை 48. நீங்க பாதி வேலையை முடிச்சுட்டு உதவி கேட்டா, அந்த உதவி உங்களை ரொம்பப் பாதுகாப்பான இடத்துல நிறுத்துது. பாதிகூட யோசிக்காம கேட்டா, வெறும் 50.

இன்னொண்ணு. ஒரே கேள்விக்கு இரண்டும் தேவைப்படும்னு தோணினா, ஆடியன்ஸை முதல்ல கேளுங்க. 70 சதவீதம் பேர் ஒரே விடைக்குப் போனா ஃபிஃப்டி ஃபிஃப்டி மிச்சம். 36-க்கு 33-ன்னு இழுபறியா வந்தா மட்டும் அடுத்ததை எடுங்க.

கடைசியா ஃபோன் எ ஃப்ரெண்ட். மேல போகப் போக கேள்விகள் ஒரு துறைக்குள்ள போயிடும். கூட்டத்துக்குத் தெரியாதது, அந்தத் துறையிலேயே இருக்கிற ஒருத்தருக்குத் தெரியும். அதனால பாசத்தை வெச்சு ஆள் எடுக்காதீங்க, பாடத்தை வெச்சு எடுங்க. இருக்கிறது 30 விநாடி. "நல்லா இருக்கியா மச்சான்?"லயே பத்து விநாடி போயிடும். கேள்வி, நாலு விடை, அப்புறம் முக்கியமா "எத்தனை பர்சன்ட் உறுதி?" அவ்வளவுதான்.

எப்போ விலகணும்?

50 லட்சத்துல இருக்கீங்க. ஒரு கோடிக் கேள்வி. லைஃப்லைன் எல்லாம் தீர்ந்து, இரண்டு விடையில நிக்கறீங்க. தப்பானா 3.2 லட்சம். சராசரி போட்டா ஆடினா 51.6 லட்சம், விலகினா 50 லட்சம். கணக்கு 'ஆடு'ங்குது. வருமான வரியைச் சேர்க்காத கணக்கு இது.

ஆனா நான் விலகிடுவேன். சராசரிங்கறது ஆயிரம் தடவை ஆடறவனுக்கு. நமக்கு அந்த நாற்காலி ஒரே ஒரு தடவைதான். 1.6 லட்ச சராசரி லாபத்துக்காக 46.8 லட்சத்தைப் பணயம் வைக்கிற அளவுக்கு என் வீட்டு பட்ஜெட் தாங்காது. உங்களுக்குச் சொந்த வீடு, கடன் இல்லாத வாழ்க்கை, ஏற்கெனவே நல்ல சேமிப்புன்னு இருந்தா உங்க முடிவு வேற மாதிரி இருக்கலாம். அது தப்பில்லை.

1999 நவம்பர்ல அமெரிக்க ஷோவுல ஜான் கார்ப்பென்டர் ஜெயிச்சது பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் அங்கே வருமான வரித் துறை ஊழியர். 14 கேள்வி வரைக்கும் ஒரு லைஃப்லைன்கூடத் தொடலை. பத்து லட்சம் டாலர் கேள்வியில அப்பாவுக்கு ஃபோன் போட்டார், உதவி கேட்கறதுக்கு இல்லை, ஜெயிக்கப் போறேன்னு சொல்றதுக்கு. செம மாஸ்! ஆனா அவருக்கு விடைகள் தெரிஞ்சிருந்தது. விடை தெரியாதவன் அதே ஸ்டைலைக் காப்பி அடிச்சா, அதுக்குப் பேர் தைரியம் இல்லை.

இனி என் கதை

நாலு வருஷம் முன்னாடி அப்பாவுக்குத் திடீர்னு ஆபரேஷன். அவர் எந்த ஹெல்த் பாலிசியிலயும் இல்லை. கட்ட வேண்டியது 1.8 லட்சம். என்கிட்ட அவசர நிதின்னு பேர் போட்டு 3 லட்சம் எஃப்டி இருந்தது. நான் என்ன பண்ணேன்? 'எஃப்டியை உடைக்கக் கூடாது, இதைவிடப் பெரிய தேவை வரும்'னு கிரெடிட் கார்டைத் தேய்ச்சேன். முழு பில்லையும் கட்ட முடியலை. மாசம் 3.5 சதவீதம், அதாவது முதல் மாசமே 6,300 ரூபாய் வட்டி, அதுமேல 1,134 ரூபாய் ஜிஎஸ்டி. அதே 1.8 லட்சத்துக்கு எஃப்டி கொடுத்தது மாசம் சுமார் 900. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்ற சிஏ இதை ஐந்து மாசம் ஓட்டினேன்.

ஒருநாள் என் மனைவி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "ஏங்க, அவசரத்துக்குன்னு போட்ட பணம்தானே அது? மாமாவோட ஆபரேஷனை விட வேற என்ன அவசரம் வரணும்?"

பதில் இல்லை. மறுநாள் எஃப்டியை உடைச்சேன்.

போனஸ் போயிடும்னு ஹெல்த் பாலிசியில க்ளெய்ம் பண்ணாம பெரிய பில்லைக் கையிலேருந்து கட்டறவங்களும் இதே கட்சிதான். அதுக்காக ஆஃபர்ல ஃபோன் வாங்க அவசர நிதியை எடுக்காதீங்க. அது இரண்டாவது கேள்விக்கே ஆடியன்ஸைக் கூப்பிடற மாதிரி.

இன்னிக்கு ஒரு வேலை பண்ணுங்க. உங்ககிட்ட இருக்கிற லைஃப்லைன்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க: எஃப்டி, ஹெல்த் பாலிசி, உங்களுக்காக ஃபோன் எடுக்கிற ஆள். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 'எது நடந்தா இதைத் தொடுவேன்'னு ஒரு வரி எழுதுங்க. அந்த நாள் வரும்போது யோசிக்காம தொடுங்க. தீர்ந்து போச்சேன்னு வருத்தப்படாம, அடுத்த சம்பளத்துலேருந்து திரும்ப நிரப்ப ஆரம்பிங்க. அந்த முதல் சீசன் ஷோவுல அந்த வசதி இல்லை, நமக்கு இருக்கு.