கிராமத்துக் காற்று சுத்தமா?

போன வாரம் பெங்களூரிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து போனைத் தடவியவன், "மாமா, உங்க ஊர்க் காத்துக்குப் பச்சை காட்டுது. கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றான். உள்ளே என் அண்ணி இருமிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் இல்லை, அந்தப் பச்சை மேல்.

நம் நாட்டில் காற்றுத் தரக் குறியீடு என்று சொல்வது எட்டு விஷயங்களை வைத்துக் கணக்கிடுவது. நுண்தூசி இரண்டு வகை, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். இதில் மகரந்தம் எங்கே? பூஞ்சணம் எங்கே? தூசி எவ்வளவு என்றுதான் அந்தக் கருவி சொல்லும், என்ன தூசி என்று சொல்லாது. மகரந்தத் துகள்கள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல் இருப்பதால் அவை கணக்கிலேயே வராது. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களுக்கானது. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் மூச்சு விடுகிறவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்?

அண்ணிக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு மாடு. மழையில் நனைந்த வைக்கோல் போரைப் பிடுங்கும்போது வெள்ளையாகப் புகைபோல ஒன்று கிளம்பும், பார்த்திருப்பீர்கள். அதுதான் பூஞ்சணம். பிடுங்கிய அன்று சாயங்காலம் காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். இரண்டு நாளில் சரியாகும். அடுத்த போரில் மறுபடியும் வரும். போன இடமெல்லாம் "வீட்டில் பீடி உண்டா, விறகு அடுப்பா" என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், விறகுப் புகையும் கெடுதல்தான். ஆனால் "மாட்டுக்கு வைக்கோல் யார் போடுறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் கேட்டார். இப்போது அண்ணன்தான் வைக்கோல் போடுகிறார், மூக்கில் துண்டு கட்டி, தண்ணீர் தெளித்து. அண்ணிக்கு இருமல் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1932-லேயே இங்கிலாந்தில் காம்ப்பெல் என்ற மருத்துவர், பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளின் நுரையீரல் நோயை எழுதி வைத்துவிட்டார். 'விவசாயி நுரையீரல்' என்றே அதற்குப் பெயர். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழும். பிறகு எந்த மருந்தாலும் அது போகாது.

"தாத்தா காலத்திலிருந்து இருக்கிற புழுதிதானே" என்பார்கள் சிலர். என் அப்பா கடைசி பத்து வருஷம் இளைப்போடுதான் வாழ்ந்தார். அதற்குக் காரணம் என்ன என்று யாரும் பார்க்கவில்லை. 'வயசாச்சு' என்று சொல்லி முடித்துவிட்டோம்.

தாத்தா காலத்தில் இல்லாத ஒன்றும் இப்போது இருக்கிறது. பார்த்தீனியம். 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்ட செடி, இன்று நம் வரப்பிலும் வாய்க்காலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் நிற்கிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதன் மகரந்தம் தும்மலும் இளைப்பும் தரும், செடி பட்ட இடம் அரிக்கும். அதைத் தின்னட்டும் என்று மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். அது மழைக்காலத்தில் தின்னும், வறண்டால் மண்ணுக்குள் போய்விடும். மீதி வேலை மனிதக் கையில்தான்.

அந்தக் கை யாருடையது? நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களுடையது. எங்கள் ஊரில் செடி பூத்துக் குலுங்கிய பிறகு, வெறுங்கையால் பிடுங்கச் சொல்கிறார்கள். பிடுங்கும்போதே விதை உதிர்ந்து அடுத்த வருஷத்துக்கு விதைப்பும் ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு கூலி, அரிப்புக்கு ஒரு களிம்பு!

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மழை பெய்து செடி முளைத்து, பூப்பதற்கு முன்னால் பிடுங்கச் சொல்லுங்கள். கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். ஊருக்கு ஒரு நல்ல களம் கட்டிக் கொடுங்கள். கேழ்வரகையும் கொள்ளையும் தார்ச்சாலையில் போட்டு, பஸ் ஏற்றி, அந்தத் தூசியை வருவோர் போவோர் எல்லாம் குடிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருமலோடு வருகிறவரிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எந்த மாதம் எந்த மகரந்தம் பறக்கும் என்று சண்டிகர் நகரத்துக்கு நாட்காட்டி போட்டிருக்கிறார்கள். தர்மபுரிக்கு ஏன் போடக் கூடாது?

நம் மேலும் தப்பு இருக்கிறது. வைக்கோலை நன்றாகக் காய வைக்காமல் போர் போடுகிறோம், தார்ப்பாய்க்குக் கணக்குப் பார்க்கிறோம், மூக்கில் துணி கட்டினால் வெட்கப்படுகிறோம். கொரோனாவுக்குக் கட்டினோமே, வைக்கோலுக்குக் கட்டினால் என்ன?

தங்கை மகன் ஊருக்குக் கிளம்பும்போதும் போன் பச்சைதான் காட்டியது. "அத்தை இருமுறாங்களே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் இருமுகிறவரிடமும் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது வைக்கோல் விஷயத்தை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.