செட்டில் ஆனப்புறம் கொடுக்கப் போறவங்களுக்கு

இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன்.

எங்க டீம்ல ஒரு நண்பர். வருஷா வருஷம் மார்ச் மாசம் ஒரு முதியோர் இல்லத்துக்கு நன்கொடை கொடுப்பார், ரசீதை பத்திரமா ஸ்கேன் பண்ணி வெச்சுக்குவார். 2020 பட்ஜெட்ல வந்த புது வரி முறையில நன்கொடைக்கான 80ஜி சலுகை கிடையாது. 2023-24லேர்ந்து அதுவே டீஃபால்ட்டும் ஆச்சு. நம்மாளு அதுக்கு மாறினார், நன்கொடையையும் நிறுத்திட்டார். "அதான் பெனிஃபிட் இல்லையே பாஸ்!"

யாருக்கு பெனிஃபிட்? அங்கே இருக்கற பாட்டிங்களுக்கு எந்த வரி முறையிலயும் மூணு வேளை பசிக்கும்யா.

மடக்கினா, "வீட்டு லோன் முடியட்டும், செட்டில் ஆயிட்டு அள்ளிக் கொடுக்கறேன்"ங்கறார். லோன் இருபது வருஷம். அப்புறம் பொண்ணு கல்யாணம் வரும்.

சேமிக்காதேன்னு நான் சொல்லலை. எங்கப்பா கேட்டவனுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மா வளையல் அடகுக்குப் போச்சு. வள்ளல்ங்கற பேர் அப்பாவுக்கு, வெறுங்கை அம்மாவுக்கு. அந்தக் கொடையும் எனக்கு ஆகாது. அதனாலயே சம்பளம் வந்ததும் எஸ்ஐபிக்கு எடுத்து வெச்சுடற கஞ்சன் நான் (தங்கமணி சாட்சி). ஆனா அதே தேதியில ஆயிரம் ரூபா, நான் படிச்ச ஊர் ஸ்கூல் பசங்க நோட்டுக்கும் தனியா போயிடும். மிஞ்சினா கொடுக்கலாம்னு முதல் ரெண்டு வருஷம் இருந்து பார்த்தேன். ஒரு மாசம்கூட மிஞ்சலை.

நண்பர் போன வாரம் அறுபதாயிரத்துக்கு மொபைல் வாங்கியிருக்கார். அதுக்கு எந்த செக்‌ஷன்ல சலுகைன்னு திங்கக்கிழமை கேக்கணும்.