கண்ணாடி வழிகிறதா?

கண்ணாடி மெல்ல வழியும் திரவம் என்றும், ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய யன்னற் கண்ணாடி அடியில் தடித்திருப்பதே சான்று என்றும் கல்முனையில் நானும் பல்லாண்டு போதித்தேன். பிழை. அவ்வாறு வழியக் கோடானுகோடி ஆண்டுகளும் போதா. அத்தடிப்பு பழைய செய்முறையின் விளைவு.

மிட்டாயைப் பாருங்கள். முறுகக் காய்ச்சிய சீனிப்பாகு விரைந்து ஆறுகையில், மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசமின்றித் தயங்கித் தயங்கி, நின்ற இடத்திலேயே இறுகுகின்றன. ஆறுதலாக அடுக்கிக்கொண்டது கற்கண்டு. (நமது கடற்காற்றில் மிட்டாய் பிசுபிசுப்பது முதுமையன்று, ஈரம் புகுந்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது.)

கண்ணாடியின் முதுமை வேறு. யூல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1844 முதல் 1882 வரை தம் வெப்பமானி ஒன்றைச் சோதித்துவந்தார். உறைநிலையில் இரசம் நிற்கும் மட்டம் மெல்ல மெல்ல உயர்ந்தது. கண்ணாடிக் குமிழ் நுண்ணளவாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. வழியவில்லை, மேலும் இறுகிற்று.

என்னிடம் பயின்றோர் சிலர் இன்று ஆசிரியர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.