கொப்பி எடுத்தால் போதுமா?

நமது பேச்சில் ‘கொப்பி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். எழுதும் புத்தகமும் கொப்பிதான். ஒன்றைப் பார்த்து எடுக்கும் பிரதியும் கொப்பிதான். பாடசாலைக்கு வராத நாளின் பாடத்தைத் தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதும் நாம், எழுதி முடித்ததும் இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை ஒத்துப் பார்ப்போம். விடுபட்ட வரிதான் பரீட்சையில் கேள்வியாக வரும் என்பது நமக்குத் தெரியும். இந்தச் சின்னப் பழக்கம், நாட்டின் ஆவணங்களைக் காக்க வேண்டிய இடங்களில் பல வேளைகளில் இல்லாமல் போயிருக்கிறது.

ஒரு கணினியில் உள்ள கோப்புகளை முகிலுக்கு அனுப்பும் பணியை ஒருவர் செய்நிரல் மூலம் அமைக்கும்போது, அவர் சில தெரிவுகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. அவை வெறும் தொழினுட்பத் தெரிவுகள் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல, மற்றவர்களின் வாழ்க்கையோடு தொடர்புபட்ட பொறுப்புகள் அவை. ஆகவே அவற்றைத் தெரிந்தே எடுக்க வேண்டும், முடிந்ததும் ஒத்துப் பார்க்க வேண்டும், அதைத் தமிழில் படிக்கும் மாணவிகளும் கற்க வேண்டும். இதுவே என் கருத்து.

முதலில் நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். அரச நிறுவனங்களின் தரவுகளையும் மின்னஞ்சல்களையும் வைத்திருப்பது ‘லங்கா அரச முகில்’. 2023 ஓகஸ்ட் மாதத்தில் அது கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. நூறு நாட்களுக்கும் மேலான காலத்துக்குப் பயன்படக்கூடிய காப்புப் பிரதி இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். மின்னஞ்சலுக்குப் பயன்பட்ட மென்பொருளும் காலங்கடந்த பழைய பதிப்பு. அதைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு நிதிப் பற்றாக்குறையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021 ஜூலையில், இதே அரச முகிலில் இருந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அழிக்கப்பட்டன. விடயம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை சென்றது. எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் நிறுவனத்தின் பதிவுகள் அவை. மருந்தகத்தில் உம்மாவுக்கு மாத்திரை வாங்கும்போது நாம் அந்தச் சபையை நினைப்பதில்லை. ஆனால் அந்த மாத்திரையின் மீது நாம் வைக்கும் நம்பிக்கை, எங்கோ ஒரு கோப்பில் இருக்கும் பதிவின் மீதுதான் நிற்கிறது.

வறிய நாடு என்பதால்தான் இப்படி நடக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. தொழினுட்பத்துக்குப் பெயர்போன தென்கொரியாவில், 2025 செப்டம்பர் 26 ஆம் திகதி, தேஜோன் நகரில் உள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வைத்த களஞ்சியம் எரிந்தது. 858 டெராபைட் தரவு. அதற்கு வெளியே வேறொரு பிரதி இருக்கவில்லை. பிரதி எடுக்க முடியாத அளவுக்கு அது பெரியது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பெரியது என்பதால் காப்பாற்ற முடியவில்லை என்றால், பெரிதாக வளர விட்டபோதே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இனி, இந்தப் பிரதி எடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு அமேசான் நிறுவனத்தின் முகிலில் ‘டேட்டாசிங்க்’ என்றொரு சேவை உண்டு. நாம் உயர்தரத்தில் படிக்கும் அதே பைதன் மொழியில், ‘பொட்டோ3’ என்ற செய்நிரல் நூலகத்தின் உதவியுடன் அதற்குக் கட்டளை கொடுக்கலாம். அமேசான் ஆற்றில் வாழும் ஒரு வகை டொல்பினின் பெயரே அந்த நூலகத்துக்கு வைக்கப்பட்டது. முதலில், எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று ஓர் இடத்தைச் சொல்கிறோம். அடுத்து, எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்று இன்னோர் இடத்தைச் சொல்கிறோம். இரண்டையும் இணைத்து ஒரு ‘பணி’யை உருவாக்குகிறோம். அந்தப் பணியோடு ‘ஒப்ஷன்ஸ்’ என்ற சிறிய பட்டியலையும் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் பணி ஓடும். அப்போது நமக்காக வேறு யாரோ முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுகளின்படி ஓடும். பொறுப்பு நழுவிப் போவது இந்த இடத்தில்தான்.

பட்டியலில் முதலாவது, ஒத்துப் பார்ப்பது. ‘வெரிஃபை மோட்’ என்ற அந்தத் தெரிவுக்கு மூன்று விடைகள் உண்டு. அனுப்பிய கோப்புகளை மட்டும் ஒத்துப் பார். இரண்டு பக்கமும் உள்ள அனைத்தையும் ஒத்துப் பார். முடிவில் ஒத்துப் பார்க்கவே வேண்டாம். கடைசி விடையில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முடிந்தது என்ற செய்தி வந்தாலும், முடிவில் ஒத்துப் பார்த்த சான்று நம் கையில் இருக்காது.

அந்தச் செய்தி கூட வராமல் போகலாம். கிட்லாப் என்ற பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியியலாளர் பிழையான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதி இருக்கிறதே என்று முகிலில் தேடினார்கள். பிரதிகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மென்பொருள் பதிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் நாளாந்தப் பிரதி எடுக்கும் பணி தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் உலகுக்கு விளக்கி எழுதினார்கள். அதனால்தான் வில்கமுவயில் பிறந்த எனக்கும் அதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது.

இரண்டாவது, சேருமிடத்தில் ஏற்கனவே உள்ள கோப்பை என்ன செய்வது என்ற கேள்வி. மூலத்தில் ஒரு கோப்பு மாறியிருந்தால் பழையதன் மேல் புதியதை எழுதலாமா? மூலத்தில் அழிந்த கோப்பைச் சேருமிடத்திலும் அழிக்கலாமா? நாம் எதுவும் சொல்லாவிட்டால், டேட்டாசிங்க் மேலெழுதும். ஆனால் மூலத்தில் இல்லாத கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லங்கா அரச முகிலில் நடந்ததுபோல ஒரு தீநிரல் மூலக் கோப்புகளைப் பூட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டப்பட்ட கோப்பும் கணினியின் கண்ணுக்கு ‘மாறிய கோப்பு’தான். அன்றிரவு பணி ஓடும்போது, நல்ல பிரதியின் மேல் அந்தக் கெட்ட கோப்பு உண்மையாகவும் ஒழுங்காகவும் எழுதப்படும். ஒத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்! ஆகவே பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும்படி சேருமிடத்தை அமைக்க வேண்டும். இரண்டு இடங்களை ஒரே மாதிரி வைத்திருப்பது வேறு, காப்புப் பிரதி எடுப்பது வேறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, எப்போது, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்பது. மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பலாம். ஒரு விநாடிக்கு இத்தனை பைட்டுக்கு மேல் போகாதே என்று எல்லை போடலாம். அலுவலகம் மூடிய பிறகு ஓடும்படி நேரம் குறிக்கலாம். இணைய இணைப்பு மெதுவான ஊர்களில் உள்ள அலுவலகங்களுக்கு இந்தத் தெரிவுகள்தான் முக்கியம். “எங்கள் பக்கம் சிக்னல் இல்லை, எங்களுக்கு முகில் சரிவராது” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பகலில் முடியாதது இரவில் கொஞ்சம் கொஞ்சமாக முடியும்.

இதெல்லாம் பெரிய அலுவலகங்களின் கதை, வயலும் காடுமாக இருக்கும் வில்கமுவைக்கு இது எதற்கு என்று ஒரு தோழி கேட்கக்கூடும். வஸ்கமுவ தேசியப் பூங்கா எங்கள் பக்கத்துக் காடு. யானை வயலுக்குள் இறங்கிப் பயிரை மிதித்துவிட்டால், விவசாயி நட்டஈடு கேட்டு அலைய வேண்டும். காணி யாருடையது, என்ன விதைத்தார், எவ்வளவு அழிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கடதாசி வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் வீடுகளைக் கொண்டு போயின. வீடு போனால் அலுமாரிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழும் உறுதியும் பரீட்சைப் பெறுபேறும் அதோடு போய்விடும். அதன் பிறகு ஒருவர் தன்னை யாரென்று நிரூபிக்க அரச அலுவலகத்திடம்தான் போக வேண்டும். அங்கே உள்ள பிரதியும் இல்லை என்றால் அவர் எங்கே போவார்? முகில் என்பது பணக்காரருக்கான வசதி அல்ல. அலுமாரி நனைந்தவருக்குத்தான் அது அதிகம் தேவை.

இன்னொரு மறுப்பு நியாயமானது. அமேசானின் தரவு நிலையத் தொகுதிகள் மும்பாயிலும் ஹைதராபாத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன, இலங்கையில் இல்லை. நம் மக்களின் மருத்துவக் குறிப்பையும் குடும்ப விபரத்தையும் அந்நிய மண்ணில் வைக்கலாமா? எல்லாவற்றையும் வைக்கக்கூடாது என்றே நானும் நினைக்கிறேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. எது வெளியே போகலாம், எது பூட்டி அனுப்பப்பட வேண்டும், எது நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பிரிக்க வேண்டும். பணியை அமைக்கும்போது எந்தக் கோப்புகளைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்றும் சொல்ல முடியும். ஆனால் இந்த அச்சம், பிரதியே எடுக்காமல் இருப்பதற்குச் சாட்டாகிவிடக்கூடாது.

ஒத்துப் பார்ப்பது தமிழர் அறியாத புதுமையும் அல்ல. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887 இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். ஓர் ஏடு கிடைத்தால் போதும் என்று அவர் இருக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை. 2005 முதல் இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் பிரதி எடுத்து வருகிறது. நம் சமூகத்தின் முன்னோடி சித்திலெப்பை 1882 இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ போன்ற பத்திரிகைகளைப் பற்றி நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அவற்றின் இதழ்களை யார் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கமும் நமக்கு வர வேண்டும்.

தோழியரே, உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதனும் இருக்கிறது, முகிற் கணிமையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக விடை எழுதுகிறோம். இரண்டையும் இணைத்து ஒரு வேலை செய்து பார்க்கலாம். அதற்கு முதலில் முகிலோ பணமோ தேவையில்லை. பைதனோடு கூடவே வரும் ‘ஹாஷ்லிப்’ என்ற நூலகம், எந்தக் கோப்பிலிருந்தும் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு கைரேகையை எடுத்துத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தக் கைரேகை முழுவதுமாக மாறிவிடும். ஒரு கோப்புறையைப் பென் ட்ரைவில் பிரதி எடுத்து, இரண்டு பக்கத்துக் கைரேகைகளையும் ஒப்பிடும் செய்நிரலை நாம் ஒரு மாலையில் எழுதிவிடலாம். முகிலில் பெரிய நிறுவனங்கள் செய்வதும் அடிப்படையில் இதுவே.

நம் கல்லூரியில் இதை இந்தச் சஞ்சிகையிலிருந்தே தொடங்கலாம் என்று பிரேரிக்கிறேன். இதுவரை வெளிவந்த இதழ்களைப் படமெடுத்து மூன்று பிரதிகள் வைப்போம். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று கல்லூரிக்கு வெளியே இருக்கட்டும். பிரதி எடுக்கும் பணிக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவியின் பெயரைக் குறிப்போம். தவணைக்கு ஒருமுறை அவள் ஒரு பழைய இதழைப் பிரதியிலிருந்து திறந்து காட்ட வேண்டும். செய்நிரலில் என்னென்ன தெரிவுகளைச் செய்தாள், ஏன் செய்தாள் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அடுத்த வருடம் வருபவளிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பக்கங்கள் சேரச் சேர, ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் தங்கைகளுக்கு அதுவே ஒரு வழிகாட்டியாகும்.

நாளை நம்மில் ஒருத்தி பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையிலோ கணினிக்கு முன் உட்காரப் போகிறாள். “பெக்கப் எடுத்தாச்சா?” என்று மேலதிகாரி கேட்பார். “எடுத்தாச்சு” என்பதோடு அவள் நிறுத்தக்கூடாது. “எடுத்து, ஒத்துப் பார்த்து, திறந்தும் பார்த்தேன்” என்று சொல்ல அவளால் முடிய வேண்டும்.