பிளாஸ்க் வாங்கப் போறீங்களா?

நம்மில் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்தது கண்ணாடிக் குடுவை பிளாஸ்க்தான். சூடு நன்றாகவே நிற்கும். ஆனால் வைப்பின் - ஃபோர்ட் கொச்சி ரோ-ரோ படகு நெரிசலில் ஒரு இடி போதும், உள்ளே கலகல!

என் ஓட்டு எவர்சில்வருக்கே. 1892ல் ஜேம்ஸ் டூவர் கண்டுபிடித்த அதே தத்துவம்தான்: இரண்டு சுவர், நடுவே வெற்றிடம். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐ.எஸ். 17526 என்று இருக்கிறதா பாருங்கள். மூடி வாஷர் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முதலில் போவது அதுதான். வீட்டுக்கு வந்ததும் கொதிநீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் தொடுங்கள். சுட்டால் வெற்றிடம் போச்சு. பில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

சொந்தபந்தம் இல்லாத ஊரில் பிள்ளையோடு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, கையில் வெந்நீர் இருப்பதே பாதி பலம். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.